மூணு விரல் மடிப்பு

கடிகார பாய் துணி மூட்டையை இறக்கிவிட்டுப் போன நாளிலிருந்து மழை விட்டபாடில்லை. ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இது அப்படியில்லை. நசநசவென்று தூறிக்கொண்டு, போகவும் மனமில்லாமல் இருக்கவும் தெரியாமல் வீட்டோடு தங்கிவிட்ட விருந்தாளி மாதிரி இருந்தது. சுவரில் ஈரம் ஏறி, மெஷினின் இரும்புக் கால் துருப்பிடித்து, மிதிக்கிற மிதியெல்லாம் கீச்சுக் கீச்சென்றது. டைலரக்கா எண்ணெய் விட்டுப் பார்த்தாள். எண்ணெய் விட்ட அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டுப் பழையபடி கத்த ஆரம்பித்தது.

டைலரக்கா என்பது தெருவுக்கு அவள் பெயர். மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாசல் அறையில் ஒரு மெஷின், வெட்டுவதற்கு ஒரு பெஞ்சு, சுவரில் ஆணியடித்து மாட்டிய நூல்கண்டுகள், மூலையில் அவள் புருஷனின் நாற்காலி. இவ்வளவுதான் கடை. வீடு அதற்குப் பின்னால் இருந்த ஒன்றரை அறை.

வருஷத்துக்கு இரண்டு தடவை பள்ளிவாசலிலிருந்து துணி வரும். பெருநாளைக்கு ஒன்று, பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒன்று. இல்லாதப்பட்ட வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு முழுக்கைக் கவுன் தைத்துக் கொடுக்க வேண்டும். பதினொரு வருஷமாக அவள்தான் தைக்கிறாள். அதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை. நூல்கூட அவளுடையதுதான். வசதியுள்ளவர்கள் பெட்டியில் போடுகிறார்கள், எனக்குக் கையும் காலும் இருக்கிறது, அதைப் போடுகிறேன் என்பாள். பள்ளிவாசல் துணியை மெஷினில் வைக்கும்போது மட்டும் இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லித்தான் மிதிப்பாள். காசு கொடுத்துத் தைக்க வருகிறவர்களின் துணிக்கு அந்த யோகம் கிடையாது.

இந்தக் காரியம் மொத்தத்தையும் பார்த்துக்கொண்டவர் கடிகார பாய். பழுது பார்க்கும் கடிகாரத்தின் பல்சக்கரங்களைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனுஷர், தர்மத்தையும் அப்படித்தான் பார்த்தார். யாருக்குப் போகிறது என்று தைக்கிறவளுக்குக்கூடத் தெரியக் கூடாது. அதனால் பிள்ளையின் பழைய கவுன் ஒன்றை அந்தந்த வீட்டில் வாங்கி, தானே டேப் வைத்து அளந்து, பிள்ளை வளர்ந்ததற்குக் கொஞ்சம் கூட்டி, ஒரு சீட்டில் உயரம், தோள், மார்பு, கை என்று எழுதுவார். சீட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்தச் சீட்டைத் துணிக்குள் சுருட்டி ரப்பர் வளையம் மாட்டிவிடுவார். துணியும் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. மொத்தக் கடைகளில் மிஞ்சிய துண்டுகளாகக் கேட்டு வாங்குவார். ஒன்று பூப்போட்டது, ஒன்று கட்டம், ஒன்று ஒற்றை நிறம். "ஒரே துணின்னா நாலு பேர் நடுவுல நிக்கறப்ப தெரிஞ்சிடும் தங்கச்சி. வாங்கறவங்க தலை குனியக் கூடாது" என்பார்.

அப்படிப்பட்டவருக்கும் தெரியாமல் டைலரக்கா ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். தெரிந்திருந்தாலும் அவர் தப்பாக நினைத்திருக்க மாட்டார். கவுனின் கீழ் ஓரத்தை மற்றவர்களுக்கு ஒரு விரல் அகலம் மடித்து அடிப்பாள். பள்ளிவாசல் துணிக்கு மட்டும் மூன்று விரல். பிள்ளைகள் வாங்கின அளவிலேயே நின்றுவிடுமா என்ன? அடுத்த வருஷம் ஒரு விரல் பிரித்துவிடலாம், அதற்கடுத்த வருஷம் இன்னொரு விரல். ஒரு கவுனை மூன்று வருஷம் போடலாம். துண்டுத் துணியில் அந்த மூன்று விரலை மிச்சம் பிடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. கையில் ஒட்டுப் போட்டு, கழுத்துப் பட்டியை இரண்டு துண்டாக வெட்டி, அங்கே இங்கே கிள்ளி எடுத்துத்தான் அதைச் சேர்ப்பாள். தான் கொடுப்பதில் உசத்தியானது அந்த மடிப்புதான் என்று அவளுக்கு மனசுக்குள் ஒரு நினைப்பு உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

இந்த முறை நாற்பத்திரண்டு கவுன். முப்பத்து மூன்றைத் தைத்து முதல் நடை போன வெள்ளிக்கிழமையே போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிச்ச ஒன்பதை எடுத்து வெட்ட உட்கார்ந்தாள். மூன்றாவது சுருளைப் பிரித்தபோது வெளிர்நீலத் துணி, ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. நல்ல துணி. சீட்டைப் பெஞ்சில் நீவி வைத்துப் படித்தாள். உயரம் நாற்பத்தொன்று. தோள் பன்னிரண்டரை. கை பத்தொன்பது. அதற்குக் கீழே கடிகார பாயின் நறுக்கென்ற கையெழுத்தில் ஒரு வரி: இடது கை அரை இஞ்ச் குறைச்சல்.

டைலரக்கா கத்தரியைக் கீழே வைத்தாள்.

அவள் மகள் ஐந்து வயதில் கட்டிலிலிருந்து விழுந்து இடது முழங்கையை ஒடித்துக்கொண்டாள். கட்டுப் போட்டவர் அவசரத்தில் போட்டதில் எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடிவிட்டது. பார்த்தால் தெரியாது. அம்மாவுக்கும் டேப்புக்கும் மட்டும்தான் தெரியும். ஏழு வருஷமாக அந்தப் பெண்ணின் எல்லாத் துணிக்கும் இடது கையை அரை இஞ்ச் குறைத்துத்தான் வெட்டுகிறாள். உலகத்தில் எத்தனையோ பிள்ளைக்குக் கை குட்டையாக இருக்கலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சீட்டை மூன்று தடவை படித்தாள். பிறகு எழுந்துபோய் உள்ளே கொடியைப் பார்த்தாள். மகளின் மஞ்சள் கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் இரண்டு நாள் அதைக் காணவில்லை என்று தேடினாள். மூன்றாம் நாள் தலையணைக்கு அடியிலிருந்து அவள் புருஷன்தான் எடுத்துக் கொடுத்தான். கண் தெரியாதவன் எடுத்துக் கொடுக்கிறானே என்று அப்போது சிரித்தாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். இருபது வருஷம் லாரி ஓட்டியவன். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கி எட்டு மாதம் ஆகிறது. ஆள் நிற்பது தெரியும், ஆள் யாரென்று தெரியாது. கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தைத்து வருவதெல்லாம் அந்த ஊசிக்கே சரியாகப் போயிற்று. மழையில் வெளித்தையலும் படுத்துவிட்டது. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பாபின் சுற்றும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். விரல் தடவலிலேயே நூல் நிறைந்ததும் நிறுத்திவிடுவான். அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

"என்னங்க, மஞ்சக் கவுனை யார்கிட்டக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள்.

அவன் கை நின்றது.

"கேக்கறேன்ல."

"சீட்டுல பேர் எழுத மாட்டேன்னாரே மனுஷன்."

"பேர் எழுதல. கை அளவு எழுதியிருக்கார். என் பிள்ளை கை எனக்குத் தெரியாதா?"

"நான்தான் கொடுத்தேன். போன மாசம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கூட்டிட்டுப் போக வந்தாரே, அப்ப சட்டைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போனேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியா நீ?"

அவன் பாபினை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஸ்கூல்ல கலர் டிரஸ் போடற வியாழக்கிழமையானா பொண்ணு அந்த மஞ்சக் கவுனைப் போட்டு இழுத்து இழுத்து விடறா. கை மணிக்கட்டுக்கு மேல ஏறிப் போச்சு. எனக்குக் கண்ணுதான் தெரியல. துணி இழுக்கற சத்தம் கேக்குதில்ல."

"நான் தைச்சுக் கொடுத்திருப்பேன்."

"எதை வச்சு? ஊசி மருந்துச் சீட்டை வச்சா?"

அது கொஞ்சம் அதிகம்தான். அவனுக்கே உறைத்தது. குரலை இறக்கிக்கொண்டு, "இன்னொண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். எப்படியும் தெரியத்தான் போகுது" என்றான்.

"இன்னும் என்ன?"

"அரிசி."

"லாரி முதலாளி அனுப்பற அரிசிதானே?"

"எந்த முதலாளி? வண்டிய விட்டு இறங்கின அன்னைக்கே அந்த ஆளுக்கு என் பேர் மறந்து போச்சு. அரிசியும் கடிகார பாய் கொண்டு வர்றதுதான். நாலு மாசமா. புதன்கிழமை நீ பட்டன் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போவல்ல, அப்ப வந்து இறக்கிட்டுப் போவார்."

டைலரக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். நான்கு மாதமாக அந்த அரிசியைத்தான் புடைத்து, களைந்து, வடித்து மூன்று பேரும் தின்றார்கள். போன மாதம் முதலாளி நல்லா இருக்கணும் என்று துஆ வேறு செய்தாள். அது இப்போது யார் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும்?

"இங்க உக்காந்து நான் மத்தவங்களுக்கு இனாமாத் தைக்கறேன். அங்க நமக்கு இனாமா அரிசி வருது. அந்த மனுஷன் என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பார்?"

"ஒண்ணும் நினைக்கல. உன்னைத் தைக்கறதை விட்டுடச் சொல்லவான்னு அவர்கிட்ட நானே கேட்டேன். வேணாம், அது தங்கச்சி செய்யற தர்மம், சதக்கா, அதுல நாம கை வைக்கக் கூடாதுன்னுட்டார்."

"அவருக்கென்ன, சொல்லிடுவார். பிச்சை வாங்கித் திங்கறது நாம."

"நீ கொடுத்தா சதக்கா. நமக்கு வந்தா மட்டும் பிச்சையா?"

பதினொரு வருஷத்தில் அந்த எண்ணூறு தொள்ளாயிரம் கவுனை வாங்கிய வீடுகளில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். அந்த வீட்டிலும் ஒரு புருஷன் சட்டைக்குள் பழைய கவுனை ஒளித்து எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்பது இப்போதுதான் தோன்றியது.

அழுகை வரும் போலிருந்தது. ஆனால் வெட்ட வேண்டிய துணி கிடந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளிர்நீலத் துணியை விரித்து, சாக்குக்கட்டியை எடுத்து, சீட்டைப் பார்க்காமலே கோடு போட்டாள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. இழுத்து இழுத்து விடும் சத்தம் என்று அவன் சொன்னதும் காதில் இருந்தது. கத்தரி தானாகப் போயிற்று.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உடம்புத் துண்டுகளை மூட்டிவிட்டாள். பெண் நனைந்த பையைக் கதவில் மாட்டிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே மெஷினைப் பார்த்தாள்.

"யாருதும்மா இது? நல்லா இருக்கு."

"இங்க வா. திரும்பி நில்லு."

தோளில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்?

"உனக்குத்தான்."

மகளின் முகம் மலர்ந்தது. பிறகு பெஞ்சில் கிடந்த ரப்பர் வளையத்தையும் சீட்டையும் பார்த்தாள். மெஷினுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பெண். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் நாற்காலியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மகள் மெல்லச் சொன்னாள். "போட்டுக்கறேன். ஆனா அந்த மடிப்பு மட்டும் வேணாம்மா."

"எந்த மடிப்பு?"

"மூணு விரல்."

"அது நல்லதுதானேடி. நீயும்தான் வளர்ற."

"வேணாம். அது வச்சா தெரிஞ்சிடும்."

"என்ன தெரிஞ்சிடும்?"

"பள்ளிவாசல் துணின்னு. எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை கலர் டிரஸ்ல யார் வந்தாலும் பார்ப்பாங்க. பேனா கீழ விழுந்த மாதிரி குனிஞ்சு, ஓரத்தத் திருப்பி, விரலை வச்சு அளந்துட்டுச் சிரிப்பாங்க. மூணு விரல், மூணு விரல்னு கூப்பிடுவாங்க."

டைலரக்காவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கடிகார பாய் ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகத் தேடி வாங்கினார். சீட்டில் பெயர் எழுதாமல் எண் எழுதினார். அத்தனையும் செய்து அவர் மூடி வைத்ததை அவள் கையே ஒவ்வொரு கவுனிலும் ஒரே மாதிரி முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது. மூன்று விரல் அகலத்துக்கு, வருஷத்துக்கு இரண்டு தடவை.

"யாருடி இதைக் கண்டுபிடிச்சது? என் மடிப்பு வெளியில யாருக்குத் தெரியும்?"

பெண் துவட்டின துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

நாற்காலியிலிருந்து அவன் கேட்டான். "நீதானாம்மா?"

"நான் கெட்டதுக்குச் சொல்லல அத்தா."

"என்ன சொன்ன?"

"போன வருஷம் இஸ்திரிக்கார மாமி பொண்ணு கட்டம் போட்ட கவுன் போட்டுட்டு வந்தா. ரொம்ப அழகா இருந்துச்சு. எல்லாரும் அவளையே சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. எங்கம்மா தைச்சதுன்னேன். பெருமைக்குத்தான் சொன்னேன். நம்ப மாட்டேன்னாங்க. அதான் ஓரத்தத் திருப்பிக் காட்டினேன். இப்படி மூணு விரல் வைக்கறது எங்கம்மாதான், பள்ளிவாசல்ல கொடுக்கறதுக்கு மட்டும்தான் இப்படி வைப்பாங்கன்னு சொல்லிட்டேன்." துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள். "சொன்ன பின்னாடிதான் தெரிஞ்சுது."

"அவ என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணல. அன்னையிலேர்ந்து வியாழக்கிழமையும் யூனிஃபார்ம்லதான் வர்றா."

டைலரக்கா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. சொன்னது இவள் வாய். வைத்தது யார் கை? ஓங்கிய கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மற்றொரு கையில் குடையை எடுத்தாள்.

"எங்க போற?" என்றான் அவன்.

"மன்னிப்புக் கேக்க."

"போகாத. அந்தக் கவுன் யாருக்குப் போச்சுன்னு உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அந்த மனுஷன் இத்தனை பாடு படறார். நீ போய் நின்னா, தெரியும்னு முகத்துக்கு நேரா சொன்ன மாதிரி ஆகும்."

அவன் சொன்னது நியாயமான வார்த்தை. நியாயத்தைக் காதில் வாங்கும் நிலையில் அவள் இல்லை.

இஸ்திரிக்காரியின் தள்ளுவண்டி எதிர்வரிசையில் நான்கு வீடு தள்ளி, மூடிப்போன ஒரு கடையின் சுவரை ஒட்டி நின்றது. மேலே தார்ப்பாய். மழை பிடித்துக்கொண்டால் அவளுக்கு வேலை இரட்டிப்பு. காயாத துணியை எல்லாம் ஜனங்கள் அவள் தலையில் கொண்டுவந்து கட்டுவார்கள். கரியும் நமுத்துப்போய் நெருப்புப் பிடிக்காமல் புகையும். பெட்டியைத் துணியில் வைத்தால் ஆவி குபுக்கென்று முகத்தில் அடிக்கும். காலையிலிருந்து அந்த ஆவியில் நின்று நின்று அவள் முகம் வெந்தது போலிருந்தது. புருஷன் வேலை தேடி வெளியூர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இருக்கிறானா இல்லையா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. யாராவது கேட்டால் வந்துடுவார் என்பாள்.

"வாங்கக்கா. ஏதும் துணியா?" என்றாள்.

"துணியில்ல. உன்னைப் பார்க்கத்தான்." டைலரக்கா மூச்சு வாங்கினாள். "உன் பொண்ணு கவுனை ஒரு நிமிஷம் கொடு. இப்ப வந்தது இருக்குமே, அதை. போன வருஷத்ததும் கொடு. ஓரத்தப் பிரிச்சு ஒரு விரல் வச்சு அடிச்சு, இப்பவே கொண்டு வந்து கொடுத்துடறேன்."

இஸ்திரிக்காரியின் கை பெட்டியோடு அப்படியே நின்றது. துணி கருகும் வாசனை வந்ததும் சட்டென்று தூக்கிக்கொண்டாள்.

"எந்தக் கவுன்க்கா?"

"அதான்... வெள்ளிக்கிழமை..."

"எங்களுக்கு எதுவும் வரலையே. நீங்க வேற யாரையோ நினைச்சுட்டுப் பேசறீங்க."

அவள் முகத்தில் கோபம் இல்லை. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு முகம். அப்போதுதான் டைலரக்காவுக்குத் தான் செய்த காரியம் புரிந்தது. புருஷன் சொன்னபோது கேட்டிருக்கலாம். மகள் ஒரு தடவை திருப்பிக் காட்டிய ஓரத்தை, அம்மா நடுத்தெருவில் வந்து இன்னொரு தடவை திருப்பிக் காட்டியிருக்கிறாள். திரும்பிப் போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. குடையில் விழும் தூறல் சத்தம்தான் கேட்டது.

கையில் வேறு ஒன்றும் இல்லை. இருந்ததைச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்கும் வந்திருக்கு. இவளுக்குத்தான். நீலத் துணி. அளவுச் சீட்டு என் கைக்கே வந்துச்சு. அரிசியும் நாலு மாசமா அங்கேர்ந்துதான் வருதாம். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

இஸ்திரிக்காரி பெட்டியைத் தகட்டின் மேல் வைத்தாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு, "தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அரிசி வர்றது. புதன்கிழமை பாய் எங்க வீட்ல இறக்கிட்டு நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவார். நான் இங்கேயேதானே நிக்கறேன். அண்ணன் கதவைப் பிடிச்சுட்டு, கையால தடவிப் பார்த்து மூட்டைய உள்ள இழுப்பார். ஒரு நாள் தடுமாறினார். ஓடி வந்து பிடிக்கலாம்னு தோணுச்சு. பிடிச்சா நான் பார்த்தது தெரிஞ்சிடும். அதான் சட்டைய எடுத்து உதறிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

"நாலு மாசமாவா?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலையே நீ. இந்தத் தெருவுல யாருக்கும் தெரியலையே."

"எதுக்குக்கா சொல்லணும்?" அவள் டைலரக்காவின் மகளைப் பார்த்தாள். பெண் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். இஸ்திரிக்காரி பார்வையை அப்படியே நகர்த்திக்கொண்டாள். "என் பொண்ணுகிட்டகூடச் சொல்லல. அவளும் சின்னப் பிள்ளைதானே. அன்னைக்கு ஸ்கூல்ல நடந்தது மனசுலயே கிடக்கு. தெரிஞ்சா ஒரு நாள் கோவத்துல பதிலுக்குச் சொல்லிடுவாளோன்னு பயம். சொல்லிட்டா அப்பறம் அள்ள முடியுமா?"

டைலரக்காவின் மகள் தலை நிமிரவில்லை.

"மன்னிச்சுடு. மடிப்பு நல்லதுக்குன்னுதான் வச்சேன்" என்றாள் டைலரக்கா.

"நல்லதுதான்க்கா. அதை எடுத்துடாதீங்க. அவ வீட்ல அதைத்தான் போட்டுக்கறா. பெருநாளைக்குப் பிரிச்சு விட்டேன், இப்ப மறுபடியும் பிரிக்கணும். என்னால வருஷத்துக்கு ஒண்ணு வாங்கிப் போட முடியுமா? சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்." வண்டியில் கிடந்த சட்டையின் காலரை நீவிவிட்டாள். "வியாழக்கிழமைதான் ஒரு மாதிரி இருக்கும். யூனிஃபார்மைப் புதன்கிழமையே தோய்ச்சுடும்மான்னு சொல்லுவா. இந்த மழையில எங்க காயுது? நெருப்புல போட்டுத்தான் காய வைக்கறேன்."

பெட்டியைத் திரும்ப எடுத்து, மூடியைத் திறந்து, கரியை ஊதினாள். தீப்பொறி பறந்தது.

"தள்ளி நில்லுங்கக்கா. பிள்ளை மேல பட்டுடப் போகுது."

வீட்டுக்கு வந்ததும் டைலரக்கா அன்றைக்கு மெஷினைத் தொடவில்லை. மறுநாள் மிச்சத்தை எல்லாம் அடித்தாள். எட்டுக் கவுனுக்கும் மூன்று விரல்தான் மடித்தாள். மடிக்கும்போது வழக்கமாக வருகிற அந்த உள்ளூர சந்தோஷம் வரவில்லை. பிஸ்மி சொன்னாள். சொல்லும்போது தான் கொடுக்கிறவளா வாங்குகிறவளா என்று ஒரு குழப்பம் வந்து, பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கடைசியாக நீலத் துணியை எடுத்தபோது மகளைக் கூப்பிட்டாள்.

"உனக்கு ஒரு விரலே வச்சுடறேன். போட்டுக்க."

பெண் துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் வச்ச மாதிரியே வைம்மா."

"சிரிப்பாங்களே."

"வை."

நாற்காலியிலிருந்து அவன் சுற்றி வைத்த பாபினை நீட்டினான். டைலரக்கா வாங்கி மெஷினில் மாட்டினாள்.

வியாழக்கிழமை காலை நீலக் கவுன் போட்டுக்கொண்டு போனாள். நன்றாகத்தான் இருந்தது. டைலரக்காவுக்கு அன்று முழுதும் கையில் வேலை ஓடவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். சாயங்காலம் மகள் வந்து பையை மாட்டும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குனிஞ்சாங்களா?"

"இல்லம்மா. என்னைப் பத்தி அவங்களுக்கு அப்படித் தோணவே தோணாது. நீங்க டைலராச்சே." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "அவ மட்டும் பார்த்தா."

"யாரு?"

"மாமி பொண்ணு. மாடிப்படி ஏறும்போது எனக்குப் பின்னாலதான் வந்தா. காத்துல ஓரம் திரும்பிக்கிச்சு. நின்னு பார்த்தா. அப்பறம் என் முகத்தப் பார்த்தா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"மத்தவங்ககிட்ட?"

"சொல்லல. சாப்பாட்டு நேரத்துல சொல்லுவாளோன்னு பார்த்தேன். பெல் அடிக்கற வரைக்கும் பார்த்துட்டே இருந்தேன். எல்லாரும்தான் அங்க உக்காந்திருந்தாங்க. அவ பாட்டுக்கு யூனிஃபார்ம்ல உக்காந்து சாப்பிட்டா."

டைலரக்கா அவள் தலையில் கை வைத்தாள். பெண் அந்தக் கையைத் தள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. வெளியே தூறல் மறுபடி பிடித்திருந்தது.

"அவளும் பதிலுக்குச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றாள் மகள்.